செவில் நகரத்து சைக்கிள் பாதை: ஒரே மூச்சுல போட்ட 80 கிலோமீட்டர், அதுல ஜெயிச்சது எது, இன்னும் இடிக்கிறது எது

சைக்கிள்காரங்களுக்கு பாதுகாப்பான ரோடுன்னு பேச்சு வந்தாலே உடனே ஆம்ஸ்டர்டாம் போட்டோவும் கோபன்ஹேகன் போட்டோவும் வந்துடும், அந்த ஊருங்ககிட்ட கத்துக்க நெறைய இருக்கு, அதுல சந்தேகமே இல்ல, ஆனா அதெல்லாம் 50 வருஷமா கொஞ்சம் கொஞ்சமா சேத்துக் கட்டினது. காருக்காகவே வளந்து நிக்கிற ஒரு ஊர்ல உக்காந்துகிட்டு "சரி, நாங்க எங்கேருந்து ஆரம்பிக்கிறது"ன்னு கேக்குற எஞ்சினியருக்கோ கவுன்சிலருக்கோ அந்த போட்டோ பதில் சொல்லாது. பதில் சொல்ற ஊர் ஒண்ணு இருக்கு, ஸ்பெயினோட தெக்குப் பக்கம் இருக்கிற செவில். சுமார் 7 லட்சம் பேர் வாழுற ஊர். 2006 வாக்குல அங்க ஒரு நாளைக்கு நடந்த சைக்கிள் ட்ரிப் 6,000 பக்கம்தான், மொத்தப் பயணத்துல அரை சதவீதம் அளவு. அடுத்த நாலஞ்சு வருஷத்துல அது 70,000 பக்கம் போயிடுச்சு, பங்கு 6 சதவீதத்துக்கு மேல.

இந்தக் கணக்க எல்லாரும் சொல்லுவாங்க, சொல்லிட்டு அங்கேயே நிறுத்திடுவாங்க. எனக்கு அதுக்கு அடுத்த கேள்விதான் முக்கியம். இவ்வளவு பேரு திடீர்னு ரோட்டுக்கு வந்தா அடிபடுறவங்களும் அதே அளவுக்கு கூடியிருக்கணுமே, ஏன் கூடல? பாதையோட வடிவத்துல அப்படி என்ன இருந்துச்சு, எந்த இடத்துல வடிவம் சரியா அமையாம இன்னிக்கு வரைக்கும் தொல்லை குடுக்குது? இத ரெண்டையும் சேத்துப் பாத்தாத்தான் இன்னொரு ஊருக்கு உபயோகம்.

முன்னாடி எப்படி இருந்துச்சு

செவில் சைக்கிளுக்கு ஏத்த மண்ணுதான். மேடு பள்ளம் இல்லாத சமதளம், குவாடல்கிவிர் ஆத்தோரம், நெருக்கமான ஊரு, ஒரு கோடில இருந்து இன்னொரு கோடிக்கு சைக்கிள்லயே போயிடலாம், பெரிய யூனிவர்சிட்டி வேற இருக்கு. ஒரே எதிர்ப்பக்கம் வெயில், கோடைல 40 டிகிரிய சாதாரணமா தாண்டும். இத்தனை வசதி இருந்தும் யாரும் ஓட்டல. ஏன்னா ரோடு முழுக்க கார், ரெண்டு பக்கமும் பார்க்கிங், வேகமா போற அகலமான அவென்யூ. சைக்கிள் பாதைன்னு ஒண்ணு சுத்தமா இல்லாம இல்ல, 12 கிலோமீட்டர் வாக்குல இருந்துச்சு, ஆனா இங்க கொஞ்சம் அங்க கொஞ்சம், ஒண்ணுக்கொண்ணு சேராத துண்டுங்க.

இந்த துண்டுப் பாதைங்கதான் எல்லா ஊர்லயும் பெரிய கெடுதல் பண்ணுது. துண்டா போட்ட பாதைல யாரும் போக மாட்டாங்க, யாரும் போகாததப் பாத்து "பாருங்க, சைக்கிளுக்கு இங்க டிமாண்டே இல்ல"ன்னு சொல்லி அடுத்த துண்டுக்கு காசு ஒதுக்க மாட்டாங்க. கிணத்துல முக்கால் ஆழம் வரைக்கும் கயிறு விட்டுட்டு தண்ணி வரலன்னு சொல்ற மாதிரி. வீட்ல இருந்து வேலைக்குப் போற 5 கிலோமீட்டர்ல 4 கிலோமீட்டர் நல்ல பாதையா இருந்து நடுவுல ஒரு 300 மீட்டர் பஸ்ஸும் லாரியும் உரசிட்டுப் போற இடமா இருந்தா, அந்த 300 மீட்டர்தான் முடிவு பண்ணும். அம்மா புள்ளைய அனுப்புறதா வேணாமான்னு யோசிக்கிறது அந்த 300 மீட்டர வச்சுத்தான், மிச்சம் 4 கிலோமீட்டர வச்சு இல்ல.

நெதர்லாந்துலயே இத பட்டுத்தான் தெரிஞ்சுகிட்டாங்க. 1971ல மட்டும் அந்த நாட்டுல ரோட்ல செத்தவங்க 3,000த்துக்கு மேல, அதுல 400க்கும் மேல குழந்தைங்க. அதுல இருந்து கிளம்பின பெற்றோர் போராட்டம், 1973 பெட்ரோல் நெருக்கடி எல்லாம் சேந்து அரசாங்கத்த அசைச்சுச்சு. 70கள்ல தி ஹேக்லயும் டில்பர்க்லயும் ஆளுக்கு ஒரு அருமையான சைக்கிள் ரூட் போட்டாங்க, தரத்துல குறையே சொல்ல முடியாது. ஆனா ஒரே ஒரு ரூட்டுதானே. அந்த ரூட்ல கூட்டம் கூடுச்சு, ஊர் மொத்தத்துல பெருசா ஒண்ணும் மாறல. அப்புறம் 80கள்ல டெல்ஃப்ட் ஊர எடுத்துகிட்டு ஊர் முழுக்க வலையாப் பின்னிப் பாத்தாங்க, பெரிய வழிங்க சுமார் அரை கிலோமீட்டருக்கு ஒண்ணு, அதுக்குள்ள பேட்டை அளவுல இன்னும் நெருக்கமா, தெரு அளவுல அதவிட நெருக்கமா. ஏற்கனவே சைக்கிள் அதிகமா ஓடுற ஊர், அங்கயே பங்கு இன்னும் கூடுச்சு. செவில் பண்ணினது இந்தப் பாடத்த எடுத்து ரொம்ப குறைஞ்ச காலத்துல செஞ்சு காட்டினதுதான்.

யாரு முடிவு எடுத்தாங்க

80கள்ல இருந்தே அங்க 'அ கோன்ட்ராமானோ'ன்னு ஒரு சைக்கிள்காரங்க சங்கம் விடாம கேட்டுகிட்டே இருந்துச்சு, அதுல முன்னணில இருந்தவர் ரிக்கார்டோ மார்க்கெஸ், யூனிவர்சிட்டில இயற்பியல் பேராசிரியர். 2003 நகரசபை தேர்தலுக்கு அப்புறம் மேயர் ஆல்ஃப்ரெடோ சாஞ்செஸ் மொன்டெசெய்ரினோட சோஷலிஸ்ட் கட்சி தனியா ஆள முடியாம இடதுசாரி கூட்டணியோட சேந்துச்சு, அந்த இடதுசாரிங்க கையில இருந்த கோரிக்கைல சைக்கிள் முக்கியமானது. நகர அமைப்புத் துறைல ஹோசே கார்சியா செப்ரியான் பொறுப்பு எடுத்துகிட்டார், திட்டத்த வரைஞ்சவர் மனுவெல் கால்வோ. 2006ல வந்த ஊரோட மாஸ்டர் பிளான்லயே சைக்கிள் வலைய எழுதிட்டாங்க. இந்த இடம் ரொம்ப முக்கியம், ஏன்னா தனி ப்ராஜெக்டா இருந்தா அடுத்த பட்ஜெட்ல வெட்டிடலாம், மாஸ்டர் பிளான்ல ஏறினது அவ்வளவு லேசா போகாது.

அதே வருஷம் வேலை ஆரம்பிச்சு ஊர் முழுக்க ஒரே சமயத்துல தோண்டினாங்க. முதல் கட்டம் சுமார் 80 கிலோமீட்டர், 2010க்குள்ள 120 கிலோமீட்டர். மொத்த செலவு 32 மில்லியன் யூரோ வாக்குல, வகுத்துப் பாத்தா கிலோமீட்டருக்கு 2.7 லட்சம் யூரோ கூட வராது. ஒரு ஊரோட போக்குவரத்த இந்த அளவுக்கு மாத்தின வேலைக்கு இது ரொம்ப சின்னத் தொகை.

பார்க்கிங் இடம் சுமார் 5,000 போச்சு. அப்போ எதிர்ப்பு வராம இருக்குமா, கடைக்காரங்க, கார்காரங்க, பேப்பர்னு எல்லாப் பக்கமும் வந்துச்சு. இங்கதான் வேகமே ஒரு டிசைன் முடிவா வேலை செஞ்சுச்சுன்னு நான் நினைக்கிறேன். வருஷத்துக்கு 5 கிலோமீட்டர்னு 16 வருஷம் இழுத்திருந்தா ஒவ்வொரு வருஷமும் பலன் தெரியாம சண்டை மட்டும் தெரிஞ்சிருக்கும், ஏதோ ஒரு தேர்தல்ல அது செத்திருக்கும். எல்லாத்தையும் ஒரே நேரத்துல போட்டதால சண்டையும் ஒரே நேரத்துல வந்து முடிஞ்சுச்சு, வேலை முடிஞ்சு தடுப்ப எடுத்த கையோட சைக்கிள் வர ஆரம்பிச்சிடுச்சு. 2007 தேர்தலுக்கு அப்புறமும் அதே கூட்டணிதான் தொடர்ந்துச்சு. அந்த வருஷமே செவிசிங்கிற வாடகை சைக்கிள் திட்டமும் வந்துச்சு, சுமார் 2,500 சைக்கிள், 250 ஸ்டேஷன். பாதை இல்லாத ஊர்ல வாடகை சைக்கிள இறக்கினா அது ஓரத்துல துருப்பிடிச்சு நிக்கும், பல ஊர்ல அப்படித்தான் ஆச்சு. இங்க பாதையும் சைக்கிளும் ஒரே சமயத்துல கைக்கு வந்துச்சு, சொந்தமா சைக்கிள் இல்லாதவங்க கூட அன்னிக்கே ஓட்டிப் பாக்க முடிஞ்சுது.

பாதையோட வடிவம்

செவில் பாதை பாக்க ரொம்ப சிம்பிள். ரோட்டோட ஒரு பக்கம், ரெண்டு திசைக்கும் சேத்து ஒரே டிராக், அகலம் பெரும்பாலும் 2.5 மீட்டர், பச்சைக் கலர், ரோட்ட விட உயரமா நடைபாதை மட்டத்துல. ஊர் முழுக்க ஒரே மாதிரி. கார் ஓட்டுறவருக்கும் சரி, புதுசா சைக்கிள் எடுத்தவருக்கும் சரி, பச்சையப் பாத்தா இது என்னன்னு யோசிக்க வேண்டாம்.

ஏன் 2.5 மீட்டர்னா, ஒரு வரிசை பார்க்கிங்க எடுத்துட்டா ஏறக்குறைய அந்த அகலம்தான் கிடைக்கும். கார் ஓடுற லேன தொட வேண்டியதில்ல, அதனால "டிராஃபிக் நின்னுடும்"ங்கிற வாதத்துக்கு இடம் குறைவு. ரெண்டு திசையையும் ஒரே பக்கம் போட்டதால செலவும் பாதி, தோண்டுறதும் பாதி, ஒரு பக்கத்து பார்க்கிங் தப்பிச்சுச்சு. அரசியல் கணக்குல இது புத்திசாலித்தனம். பாதுகாப்புக் கணக்குல இதுக்கு ஒரு விலை இருக்கு, அத ஜங்ஷன் பத்தி சொல்லும்போது சொல்றேன்.

உயரமா போட்டது வெறும் அழகுக்கு இல்ல. வெறும் பெயிண்ட்ல கோடு போட்டு "இது சைக்கிள் லேன்"னு சொன்னா அது பார்க்கிங்கா மாறிடும், டெலிவரி வேன் நிக்கும், நின்ன வேன சுத்திப் போகணும்னா சைக்கிள்காரர் பின்னாடி வர்ற பஸ் முன்னாடி வெளிய வரணும், பாதை இல்லாத ரோட்ட விட இது மோசம், ஏன்னா எதிர்பாராத நேரத்துல எதிர்பாராத இடத்துல வெளிய வர வேண்டி வருது. அதோட பார்க்கிங் வரிசைய ஒட்டிக் கோடு போட்டா இன்னொரு ஆபத்து, கார் கதவு. கதவு முழுசா தொறந்தா ஒரு மீட்டர் வரைக்கும் வெளிய வரும். சைக்கிள் 15 கிலோமீட்டர் வேகத்துல வந்தா நொடிக்கு 4 மீட்டருக்கு மேல போகுது, கதவு தொறக்கிறதப் பாத்து கை பிரேக்குக்கு போறதுக்குள்ள அந்த 4 மீட்டர் முடிஞ்சிடும். கதவுல மோதுறது கூட பரவாயில்ல, கதவுக்கு பயந்து ஒதுங்கி லேனுக்குள்ள விழுறதுதான் உயிர எடுக்குது. அதனால எங்க பார்க்கிங்கும் டிராக்கும் பக்கத்துல பக்கத்துல வருதோ அங்க நடுவுல முக்கால் மீட்டராவது சும்மா விட்டே ஆகணும்.

ஓரக்கல்லப் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லணும், இத யாரும் கவனிக்கிறதில்ல. செங்குத்தான ஓரக்கல் டிராக் பக்கம் நின்னா பெடல் கீழ இறங்கும்போது அதுல தட்டும், ஆளு விழுவாரு, அதனால எல்லாரும் கல்ல விட்டு அரை அடி தள்ளியே ஓட்டுவாங்க, அப்போ 2.5 மீட்டர்ல ரெண்டு பக்கமும் அரை அடி வீணாப் போகுது. அதே கல்ல சரிவா, தாழ்வா போட்டா டயர் ஏறினாலும் ஆளு விழ மாட்டாரு, முழு அகலமும் உபயோகத்துக்கு வரும். கல்லோட வடிவத்துக்கு கூடுதல் செலவு பெருசா இல்ல, வரையும்போது யோசிச்சிருந்தா போதும்.

ஜங்ஷன்

சைக்கிள் விபத்துன்னதும் பின்னாடி இருந்து கார் வந்து இடிக்கிறதுதான் எல்லார் மனசுலயும் வரும், பயமும் அதுதான். நகரத்துக்குள்ள மோதல் பெரும்பாலும் நடக்கிறது ஜங்ஷன்ல. திரும்புற வண்டியும் நேரா போற சைக்கிளும் ஒரே இடத்துக்கு ஒரே நேரத்துல வர்றதுதான் அடிப்படை. பாதைய எவ்வளவு நல்லா போட்டாலும் ஜங்ஷன்ல விட்டுட்டா பாதுகாப்பான சுரங்கத்துல கூட்டிட்டு வந்து சண்டை நடக்கிற இடத்துல இறக்கி விட்ட கணக்குதான்.

ஒரு மோதல நிதானமாப் பாப்போம். ஸ்பெயின்ல வண்டி வலது பக்கம் ஓடும், அத மனசுல வச்சுக்கோங்க. பக்கத்துத் தெருவுல இருந்து ஒரு கார் மெயின் ரோட்டுக்கு வந்து வலது பக்கம் திரும்பணும். டிரைவருக்கு ஆபத்து இடது பக்கம் இருந்துதான் வரும், மெயின் ரோட்டு வண்டிங்க அந்தப் பக்கம் இருந்துதானே வருது. அதனால கழுத்த இடது பக்கம் திருப்பி வச்சிருக்காரு, இடைவெளி கிடைக்குமான்னு பாத்துகிட்டே வண்டிய மெல்ல முன்னாடி உருட்டுறாரு. இப்போ டிராக் ரெண்டு திசைக்கும் சேந்தது. இடது பக்கம் இருந்து வர்ற சைக்கிள் அவர் பாக்குற பக்கத்துலயே வருது, தெரிஞ்சிடும். வலது பக்கம் இருந்து வர்ற சைக்கிள் அவர் பாக்காத பக்கத்துல இருந்து வருது. இடைவெளி கிடைச்சதும் இடது பக்கம் பாத்தபடியே ஆக்ஸிலரேட்டர மிதிக்கிறாரு. வலது பக்கம் இருந்து வந்தவரோட தப்பு ஒண்ணுமே இல்ல, பச்சைப் பாதைலதான் வந்தாரு, முன்னுரிமையும் அவருக்குத்தான். டிரைவரும் கெட்ட ஆளு இல்ல, வருஷக்கணக்கா பழகின கண்ணு அந்தப் பக்கம் போகல. இந்த மாதிரி இடத்துல போஸ்டர் ஒட்டி "கவனமா ஓட்டுங்க"ன்னா ஒண்ணும் நடக்காது, தெருவோட வடிவத்தத்தான் மாத்தணும்.

மாத்துறதுக்கு நல்லாத் தெரிஞ்ச வழிங்க இருக்கு. முதல்ல, டிராக் குறுக்க போற இடத்துல டிராக்கோட உயரத்த குறைக்காம அப்படியே கொண்டு போகணும், கார்தான் ஏறி இறங்கணும். அப்போ டிரைவர் வேகத்தடை மாதிரி ஒண்ணுல ஏறும்போதே ஆளு நடக்கிற வேகத்துக்கு வந்துடுவாரு. ரெண்டாவது, குறுக்க போற இடத்த மெயின் ரோட்டுல இருந்து 5 மீட்டர் வாக்குல உள்ள தள்ளி வைக்கணும். ஒரு கார் நீளம் அது. மெயின் ரோட்டுல இருந்து திரும்பின கார் முழுசா திரும்பி முடிச்சு, நேரா நின்னு, கண்ணாடில எட்டிப் பாக்க வேண்டிய அவசியமே இல்லாம முன்கண்ணாடி வழியாவே சைக்கிளப் பாக்கும், பின்னாடி வர்ற டிராஃபிக்க மறிக்காம அங்க நிக்கவும் முடியும். அதே மாதிரி பக்கத்துத் தெருவுல இருந்து வர்றவரும் முதல்ல சைக்கிளப் பாத்துட்டு, தாண்டி வந்து, அப்புறம் கார் இடைவெளியப் பாக்கலாம். ரெண்டு வேலைய ஒரே நொடில செய்ய வேண்டியதில்ல. மூணாவது, முனைய இறுக்கமா வளைக்கணும். அகலமா வளைஞ்ச முனைல கார் 30ல திரும்பும், இறுக்கமான முனைல 15க்கு மேல திரும்ப முடியாது. பெரிய சிக்னல்ல இதெல்லாம் போதாது, அங்க சைக்கிளுக்குத் தனி சிக்னல் வச்சு, திரும்புற வண்டிக்கு சிவப்பு விழும்போதுதான் சைக்கிளுக்குப் பச்சை விழணும்.

லாரி வந்தா கணக்கே வேற. உயரமான கேபின்ல உக்காந்திருக்கிற டிரைவருக்கு கதவுக்குப் பக்கத்துல நிக்கிற சைக்கிள் கண்ணுக்கே தெரியாது. லண்டன்ல சைக்கிள்காரங்க சாவுல லாரியோட பங்கு ரொம்பப் பெருசா இருந்து, கடைசில கேபின்ல இருந்து நேரா எவ்வளவு தெரியுதுன்னு ஸ்டார் போட்டு பர்மிட் குடுக்கிற விதிய கொண்டு வந்தாங்க, 2021 மார்ச்ல இருந்து கண்டிப்பா அமல் பண்ணாங்க. தெருவோட வடிவமும் வண்டியோட வடிவமும் சேந்து மாறணும்ங்கிறதுக்கு இது ஒரு நல்ல உதாரணம்.

செவில்ல இதுல பாதிதான் நடந்துச்சு. பல ஜங்ஷன்ல டிராக்க ஜீப்ரா கிராஸிங்க ஒட்டி கொண்டு போயி, நடக்கிறவங்க சிக்னலோடயே சைக்கிளையும் தாண்ட விட்டாங்க. உள்ள தள்ளி வச்ச பலன் இதனால கிடைச்சுச்சு, ரெண்டு திசை டிராக்கோட ஆபத்த இதுதான் ஓரளவுக்கு அடக்கிச்சுன்னு நினைக்கிறேன். ஆனா நேரா போகிற சைக்கிள்காரர் ஜீப்ராவப் பிடிக்க வலது பக்கம் வெடுக்குனு வளைஞ்சு, மறுபடி இடது பக்கம் வளையணும். அந்த வளைவுலதான் நடக்கிறவங்க சிக்னலுக்கு காத்துகிட்டு நிப்பாங்க, வயசானவங்க, தள்ளுவண்டியோட அம்மா, எல்லாரும். சைக்கிள்காரர் திரும்பப் போறாரா நேரா போறாரான்னு டிரைவருக்கும் புரியாது, நிக்கிறவங்களுக்கும் புரியாது.

அப்புறம் ஏன் விபத்து கூடல

மார்க்கெஸும் அவரோட சக ஆய்வாளரும் சேந்து 2017ல இந்தக் கேள்விய கணக்குப் போட்டுப் பாத்து பேப்பர் எழுதினாங்க. விஷயம் இதுதான்: ட்ரிப் பல மடங்கு கூடுச்சு, மோதல் அந்த வேகத்துல கூடல, அதனால ஒரு ட்ரிப்புக்கான ஆபத்து தெளிவா இறங்குச்சு. கிலோமீட்டர் கூடக் கூட ஆபத்து ஒரே சீரா இறங்கல, துண்டுங்க சேந்து வலையா மாறின சமயத்துல இறக்கம் அதிகமா இருந்துச்சு. அதாவது 40 கிலோமீட்டர் போட்டா பாதி பலன்னு கணக்கு போட முடியாது. இணைப்புதான் பலனைத் தருது.

கூட்டமா போனா பாதுகாப்புன்னு ஒரு கருத்து 2003ல பீட்டர் ஜேக்கப்சன் எழுதின பேப்பர்ல இருந்து பிரபலமாச்சு, சைக்கிள்காரங்க அதிகம் ஆக ஆக ஆளுக்கான ஆபத்து குறையும்னு. உண்மைதான், டிரைவர் கண்ணு பழகிடும். ஆனா இத தப்பா எடுத்துகிட்டு "முதல்ல எல்லாரும் ஓட்ட ஆரம்பிங்க, ரோடு தானா பாதுகாப்பாயிடும்"னு சொல்றவங்க இருக்காங்க, எனக்கு அது பொறுப்பில்லாத பேச்சு. பாதுகாப்பு வர்ற வரைக்கும் யாரு உடம்ப வச்சு கூட்டம் சேக்குறது? செவில்ல முதல்ல வந்தது பாதை, கூட்டம் அப்புறம்தான் வந்துச்சு, அந்தக் கூட்டம் பாதைய இன்னும் பாதுகாப்பாக்குச்சு.

வேகமும் ஒரு காரணம். டிராக் போகாத உள் தெருவுங்க எல்லாம் குறுகலானது, பழைய ஊர் பக்கம் கார் வேகமா போகவே முடியாது. 50ல போற கார் 30ல போற காரவிட இடிக்கிற சக்தில 2.8 மடங்கு. நிறுத்துற தூரம் பாத்தா, ஒரு நொடி யோசிக்க எடுத்துகிட்டா 30ல சுமார் 13 மீட்டர், 50ல சுமார் 28 மீட்டர். 15 மீட்டர் முன்னாடி ஒரு சைக்கிள் விழுந்தா, 30ல வந்த கார் நின்னுடும். 50ல வந்த கார் அந்த 15 மீட்டருல பிரேக்க அப்பத்தான் மிதிக்கவே ஆரம்பிக்குது, ஏறக்குறைய முழு வேகத்துல மோதும். 2021 மே மாசத்துல இருந்து ஸ்பெயின் நாடு முழுக்க ஊருக்குள்ள ஒரு திசைக்கு ஒரே லேன் இருக்கிற ரோட்டுல 30தான் வேக வரம்பு. சின்னத் தெருவுக்கு தனி டிராக் தேவையில்ல, இந்த 30 நிஜமா 30ஆ இருந்தா போதும். நிஜமா இருக்கணும்னா போர்டு பத்தாது, தெரு குறுகலா, வளைவா, நடு நடுவுல மேடா இருக்கணும்.

நடக்கிறவங்க குடுத்த விலை

இத யாரும் மறைக்கக் கூடாது. செவில் பாதை நிறைய இடத்துல நடைபாதை மட்டத்துல, நடைபாதைய ஒட்டி, சில இடத்துல நடைபாதையோட இடத்தையே எடுத்து ஓடுது. நடுவுல பெருசா தடுப்பு கிடையாது, கலர்தான் வித்தியாசம். கண்ணு தெரியாதவங்களுக்கு அந்தப் பச்சை எதுவும் சொல்லாது. கைத்தடில தட்டுப்படுற மாதிரி 3, 4 சென்டிமீட்டர் மட்ட வித்தியாசமாவது இருக்கணும், இல்லன்னா தனியா தெரியிற மாதிரி கல்லு பதிக்கணும். பஸ் ஸ்டாப்லயும் இதே கதைதான், பஸ்ல இருந்து இறங்கி ஒரு அடி வச்சா டிராக்கு. டிராக்க ஸ்டாப்புக்குப் பின்பக்கமா சுத்தி விட்டு, இறங்குறவங்க நிக்க ரெண்டு மீட்டராவது திட்டு விட்டா ஆபத்து போயிடும்.

சைக்கிள்காரங்களுக்கு பாதுகாப்பு குடுக்கிறோம்னு சொல்லிட்டு நடக்கிறவங்ககிட்ட இருந்து இடத்த எடுக்கிறது, ரோட்டுல ரொம்ப கம்மியா இடம் வச்சிருக்கிறவங்ககிட்டயே எடுத்து குடுக்கிற வேலை. அன்னிக்கு இருந்த அரசியல் சூழ்நிலைல கார் லேனத் தொட்டிருந்தா மொத்தத் திட்டமும் கவுந்திருக்கும்னு சொல்லுவாங்க, இருக்கலாம், ஆனா அது 2006க்கான பதில்.

2011க்கு அப்புறம்

2011 மார்ச்ல உலக சைக்கிள் மாநாடு வெலோ-சிட்டி செவில்லயே நடந்துச்சு, எல்லா நாட்டுக்காரங்களும் வந்து பாத்துட்டுப் போனாங்க. அதே வருஷம் தேர்தல்ல ஹுவான் இக்னாசியோ சோய்டோ தலைமைல வலதுசாரி மக்கள் கட்சி தனி மெஜாரிட்டியோட வந்துச்சு. நடு ஊருக்குள்ள கார் நுழையறத கட்டுப்படுத்தின திட்டத்த எடுத்துட்டாங்க, சைக்கிளுக்கு காசு சுருங்குச்சு, ஏறிகிட்டு இருந்த கணக்கு நின்னு கொஞ்சம் இறங்கவும் செஞ்சுச்சு. பாதைய மட்டும் யாரும் பேத்து எடுக்கல. பெயிண்ட் கோடா இருந்திருந்தா ஒரே ராத்திரில அழிச்சிருக்கலாம், கல்லும் கான்கிரீட்டுமா உயரமா போட்டதால, அதுல தினம் பல ஆயிரம் பேர் போனதால அது தப்பிச்சுச்சு. அதுக்கப்புறம் மெல்ல மெல்ல நீண்டு இன்னிக்கு சுமார் 180 கிலோமீட்டர்.

ஆனா கல்லு நின்னா மட்டும் பத்தாது. மரத்து வேர் டிராக்க தூக்கிடும், பச்சை மங்கிடும், குறுக்க போற இடத்துல கோடு அழிஞ்சா டிரைவருக்கு அங்க டிராக் இருக்கிறதே தெரியாது. கார் ரோட்டுல ஒரு சின்னப் பள்ளம் சஸ்பென்ஷனோட போயிடும், சைக்கிள்ல அதே பள்ளம் தோள்பட்டை எலும்ப உடைக்கும். அந்த 32 மில்லியனோட சேத்து பராமரிப்புக்குன்னு வருஷா வருஷம் ஒரு தொகைய கட்டிப் போட்டிருக்கணும்.

இப்போ கூட்டமும் மாறிடுச்சு. 2021 ஜனவரில இருந்து ஸ்பெயின்ல எலக்ட்ரிக் ஸ்கூட்டர் நடைபாதைல ஓடக் கூடாது, அதனால அதுங்க பெரும்பாலும் டிராக்குக்கு வந்துடுச்சு, முன்னாடி பெட்டி வச்ச சரக்கு சைக்கிளும் வருது. அந்தப் பெட்டி சைக்கிளே முக்கால் மீட்டருக்கு மேல அகலம். ரெண்டு திசையும் ஓடுற 2.5 மீட்டருல 25 வேகத்துல வர்ற ஸ்கூட்டர், மெதுவா போற பெரியவர, எதிர்ல ரெண்டு ஸ்கூல் பசங்க வரும்போது தாண்டணும்னா இடமே இல்ல, நடைபாதைக்குத்தான் தாவும். 6,000 ட்ரிப் இருந்த ஊருக்கு 2.5 மீட்டர் தாராளம். 70,000 ட்ரிப்புக்கு அது பத்தாது.

இன்னொரு ஊரு இந்த மாதிரி ஆரம்பிக்கணும்னா, வேகத்தையும் இணைப்பையும் உயரத்தையும் செவில்ல இருந்து அப்படியே எடுத்துக்கலாம், ஒரே பக்கம் ரெண்டு திசைங்கிறத மட்டும் ஆத்தோரம், பூங்கா ஓரம், ரயில்வே ஓரம்னு பக்கத்துத் தெரு வந்து சேராத இடத்தோட நிறுத்திக்கணும். கடையும் தெருவும் வந்து விழுற அவென்யூல ரெண்டு பக்கமும் ஒரு திசை டிராக், ஒவ்வொண்ணும் 2 மீட்டருக்குக் குறையாம, பஸ் ஸ்டாப்புக்குப் பின்னாடி சுத்தி, குறுக்க போற இடத்துல உயரம் குறையாம. செவில்லயே இப்போ செய்ய வேண்டியதும் இதுதான், இருக்கிற டிராக்க ஒரு திசைக்கு விட்டுட்டு எதிர்ப்பக்கம் புதுசா ஒண்ணு போடணும், நடைபாதைல இருந்து எடுத்தத திருப்பிக் குடுக்கணும். அதுக்கு இந்தத் தடவை பார்க்கிங் வரிசை மட்டும் பத்தாது, கார் ஓடுற லேன் ஒண்ணுதான் போகணும்.